நேட்டால் தமிழர் குடும்ப வரலாறு தேடுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஸ்டாங்கர், டன்டீ என்று பல ஊர்களிலிருந்தும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. "நம்ம தாத்தாவுடைய தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்?" என்ற ஒரே கேள்வியில்தான் பெரும்பாலும் எல்லாம் தொடங்கும். அதற்குப் பதில் தேடும் வழியை இங்கே எழுதியிருக்கிறேன்.

நேராகக் கப்பல் பட்டியலில் தேடலாமா?

வேண்டாம். கப்பலில் வந்து இறங்கிய கூலிகளின் விவரங்களை எழுதிவைத்த பட்டியல் அது. எல்லோரும் முதலில் அங்கேதான் ஓடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 342 பேரோடு 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தார்கள். அத்தனை பேரில் 'முனுசாமி' என்று ஒருவரைத் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள். எந்த முனுசாமி உங்களுடையவர் என்று எப்படித் தெரியும்?

உங்களிடமிருந்து பின்னோக்கிப் போங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்பாவுடையது, தாத்தாவின் இறப்புப் பதிவு என்று ஒவ்வொரு தலைமுறையையும் காகிதத்தால் உறுதி செய்துகொண்டே போனால், கப்பலில் வந்தவரிடம் போய்ச் சேரும்போது உங்கள் கையில் பெயர் மட்டும் இருக்காது. அப்பா பெயர், மனைவி பெயர், வேலை செய்த தோட்டம், ஏறத்தாழ வயது எல்லாம் இருக்கும். முக்கியமாக, காலனி எண்ணும் கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு.

காலனி எண் என்றால் என்ன?

கூலியாக வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு ஓர் எண் கொடுத்தது. ஆண், பெண், கைக்குழந்தை எல்லோருக்கும் தனித்தனி எண். ஒப்பந்தம் முடிந்து கொடுத்த விடுதலைச் சீட்டு, கல்யாணப் பதிவு, பிள்ளை பிறந்த பதிவு, முதலாளி மேல் கொடுத்த புகார், ஊர் திரும்பக் கேட்ட மனு என எங்கும் அந்த எண்ணே வரும். பெயரை எழுதுகிறவர் தன் காதுக்குக் கேட்டபடி மாற்றி எழுதுவார். எண் அப்படி மாறாது. எண் கிடைத்துவிட்டால் தேடல் பாதி முடிந்தது என்றே சொல்வேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கப்பலில் வந்ததற்கான எண் கிடையாது. ஆனால் அவர்களுடைய காகிதங்களில் அப்பா அம்மாவின் எண் பல நேரம் குறிக்கப்பட்டிருக்கும்.

வீட்டிலேயே என்ன தேட வேண்டும்?

பழைய டிரங்குப் பெட்டி, சாமி அலமாரியின் அடித்தட்டு, கட்டிலுக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டின் எல்லாவற்றையும் பாருங்கள். விடுதலைச் சீட்டு, பழைய பாஸ், நில வாடகை ரசீது, கோயில் நன்கொடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதி அறிவிப்பு எதையும் தூக்கிப் போடாதீர்கள். போட்டோவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரை ஊரைச் சொல்லும்.

அப்புறம் ஆயா, தாத்தா, பெரியம்மா, அத்தை யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். "நம் குடும்ப வரலாற்றைச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "எனக்கு என்ன தெரியும்" என்பார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எந்த மில் பக்கம் இருந்தீர்கள்? தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? காவடி எந்தக் கோயிலில் எடுத்தார்கள்? ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு யாரோடு போவீர்கள்? சம்பந்தி வீட்டார் எந்த ஊர்? இப்படிக் கேட்டால் ஊர், தோட்டம், உறவு எல்லாம் தானாக வரும். அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெரியவர்கள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார்கள். இரண்டையும் எழுதி வையுங்கள், உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

எந்த நூலகத்தில், எந்த ஆவணக் காப்பகத்தில் என்ன இருக்கிறது?

கப்பல் பட்டியலின் மூலப் புத்தகங்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அந்தப் பட்டியல்களைக் கணினியில் தேடும்படி தொகுத்திருக்கிறார்கள். பழைய பத்திரிகைகள், சங்கங்களின் காகிதங்கள், போட்டோக்கள், பெரியவர்களின் பேச்சுப் பதிவுகள் என்று நம்மவர் வாழ்க்கை சம்பந்தப்பட்டவை அங்கே நிறைய இருக்கின்றன. முதல் பயணம் அங்கே போவது நல்லது என்பது என் கருத்து.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில்தான் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன. ஒருவர் இறந்த பிறகு, இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் 'மாஸ்டர்' என்ற அதிகாரியின் அலுவலகத்தில் கொடுக்கும் இறப்பு அறிவிப்புப் படிவம் அந்தக் கோப்புக்குள் இருக்கும். அதில் இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், வயது, தொழில், மனைவி அல்லது கணவர் பெயர், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும் இடம் அதுதான். சொத்தே இல்லாதவருக்குக் கோப்பு இல்லாமலும் போகலாம். அப்போது அரசின் இறப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஃபேமிலிசர்ச் தளத்தில் நேட்டாலின் இறப்புப் பதிவுகள் பலவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகக் கடிதங்களும் காப்பகத்தில் பெருந்தொகுதியாக இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் 'நாயர்ஸ்' (NAAIRS) என்ற கணினிப் பட்டியலில் அவற்றைத் தேடலாம். அந்தப் பட்டியல் கோப்பின் தலைப்பை மட்டுமே தேடும், உள்ளே எழுதியிருப்பதைத் தேடாது. ஆகவே பெயரைப் போட்டு ஒன்றும் வராவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். காலனி எண்ணைப் போட்டுப் பாருங்கள், தோட்டத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், முதலாளியின் பெயரையும் போட்டுப் பாருங்கள்.

டர்பன் பெரியா மேட்டிலுள்ள கில்லி கேம்பல் நூலகத்தில் நேட்டால் பற்றிய புத்தகங்கள், வரைபடங்கள், கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. கேம்பல் குடும்பம் மவுன்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டங்களோடு சம்பந்தப்பட்டது. உங்கள் முன்னோர் அந்தப் பக்கம் கரும்பு வெட்டியவர் என்றால் அங்கே பார்ப்பது அவசியம்.

எங்கள் குடும்பப் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஏன்?

நாம் இன்று குடும்பப் பெயர் என்று சொல்லும் பெயர் கப்பலில் வந்தபோது பெரும்பாலும் இல்லை. பட்டியலில் ஒருவருக்கு ஒரே பெயர், பக்கத்தில் அப்பா பெயர், அவ்வளவுதான். பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் பிறப்பைப் பதியும்போதும் "சர்நேம் என்ன?" என்று கேட்டார்கள். சிலர் அப்பாவின் பெயரைச் சொன்னார்கள், சிலர் தாத்தாவின் பெயரை, சிலர் சாதிப் பட்டத்தை. ஒரே வீட்டில் அண்ணன் பெருமாள் என்றும் தம்பி கவெண்டர் என்றும் பதிவாகியிருப்பது இங்கே சாதாரணம்.

எழுத்துக்கூட்டலும் ஒரு சிக்கல். முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார், முனுசாமி மூன்சாமி ஆனார். தமிழில் ஒரே ககரமாக எழுதுவதை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்தால் எழுதுவார்கள். வீ, வே என்று தொடங்கும் பெயர்கள் வேறு எழுத்தில் தொடங்கியிருக்கலாம், எல்லம்மா 'ய' ஓசையோடு பதிவாகியிருக்கலாம். பெயரை வாய்விட்டுச் சொல்லி, தமிழ் தெரியாத ஒரு குமாஸ்தா கேட்டால் எப்படியெல்லாம் எழுதுவார் என்று தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

கப்பல் பட்டியலில் போட்டோ இருக்குமா?

இருக்காது. உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம் இருக்கும். பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பவையும் இருக்கும். வயதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பிறந்த தேதி தெரியாதவர்களைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட வயது அது.

ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1866-இலிருந்து 1874 வரை கூலிக் கப்பல்கள் நிறுத்தப்பட்டிருந்தன. "1870-இல் வந்தார்" என்று வீட்டில் சொன்னால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பட்டியல்களைப் பாருங்கள்.

கிராமத்தின் பெயர் கிடைத்தது. ஆனால் கூகுள் வரைபடத்தில் அப்படி ஓர் ஊரே இல்லையே?

முதலில் மாவட்டத்தைச் சரி செய்யுங்கள். பட்டியலில் உள்ளவை பழைய சென்னை மாகாணத்தின் மாவட்டங்கள். அன்றைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. சித்தூர்ப் பகுதியும் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது, இப்போது ஆந்திராவில் இருக்கிறது. நம்மில் பல குடும்பங்களில் தமிழும் தெலுங்கும் கலந்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தென் ஆற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. செங்கல்பட்டு என்று இருந்தால் காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய சேலத்துக்குள் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கும்.

அடுத்து தாலுகா. 'வாண்டிவாஷ்' என்றால் வந்தவாசி. 'கான்ஜீவரம்' என்றால் காஞ்சிபுரம். 'டிரிச்சினோபொலி' திருச்சிராப்பள்ளி. தாலுகாவை விட்டுவிட்டுக் கிராமத்தை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். புதூர், நல்லூர், புத்தூர் என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்க ஊர்கள் இருக்கின்றன. தாலுகா தெரிந்தபின் அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை உரக்கப் படித்துப் பொருத்திப் பாருங்கள். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய மாவட்டக் கையேடுகளும் அந்தக் காலத்து அரசு நடவடிக்கைக் குறிப்புகளும் உள்ளன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் குடியேற்றம் பற்றிய கடிதங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் உங்கள் தாத்தாவின் பெயரைவிட, அந்த ஆண்டில் அந்த மாவட்டத்தில் மழை பொய்த்ததா, அரிசி என்ன விலை விற்றது, ஆள் சேர்ப்பவர்கள் எங்கே நின்றார்கள் என்பது கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதுவும் உங்கள் குடும்ப வரலாறுதான்.

பட்டியலில் எழுதியிருக்கும் சாதி வீட்டில் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை.

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். கப்பல் ஏறும் முன் கூலிகளைத் தங்கவைத்த டிப்போவில் கேட்டு, ஒரு குமாஸ்தா எழுதியது அது. சிலர் வேறு ஏதோ சொல்லியிருப்பார்கள், சிலர் சொன்னதைக் குமாஸ்தா தனக்குத் தெரிந்த ஒரு சொல்லில் அடக்கியிருப்பார். கடலைத் தாண்டி வந்தபின், ஒரே பராக்ஸில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகக் கோயில் கட்டி, பிள்ளைகளைத் தங்களுக்குள் கட்டிக்கொடுத்து வாழ்ந்த மக்கள் நம்மவர்கள். தனக்கு மரியாதை தரும் ஒரு பட்டப்பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்த ஒருவரை நான் குறை சொல்ல மாட்டேன். அடிமைபோல நடத்தப்பட்ட இடத்தில் அவர் தனக்காகச் செய்துகொண்ட காரியம் அது.

பட்டியலில் உள்ளதை உள்ளபடியே உங்கள் குறிப்பில் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு இன்னொரு குடும்பத்தை மட்டம் தட்டவோ, கல்யாணப் பேச்சில் கொண்டுபோய் வைக்கவோ யாராவது உதவி கேட்டால், நான் உதவுவதில்லை.

பாட்டிமார்களைப் பற்றி ஒன்றுமே கிடைக்கவில்லையே?

கிடைக்கும், ஆனால் அதிகமாக உழைக்க வேண்டும். கப்பலில் தனியாக வந்த பெண்கள் இருந்தார்கள். கைம்பெண்கள், கணவனை விட்டு வந்தவர்கள், சின்னப் பிள்ளையோடு வந்தவர்கள். அவர்களுக்குச் சொந்த எண் உண்டு, அப்பா பெயர் உண்டு, ஊர் உண்டு. டர்பனில் இறங்கியபின்தான் அவர்கள் 'இன்னார் மனைவி' ஆகிக் காகிதத்திலிருந்து மறைகிறார்கள்.

பாதுகாவலர் அலுவலகத்தின் கல்யாணப் பதிவேட்டில் இரண்டு பேரின் எண்ணும் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் நம் முறைப்படி தாலி கட்டி, பதியாமல் விட்ட கல்யாணங்கள் ஏராளம். 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். நம் பெண்கள் போராட்டத்தில் இறங்கிச் சிறை போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1914-இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தக் கல்யாணங்களை ஏற்றுக்கொள்ள வழி செய்தது. ஆகவே 1914-க்குப் பிறகு, பல ஆண்டு வாழ்ந்து பிள்ளை குட்டி பெற்றவர்கள் தாமதமாகக் கல்யாணத்தைப் பதிந்திருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். கல்யாணத் தேதிக்கு முன்னால் பிள்ளை பிறந்த தேதி இருந்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அம்மா வழியில் தேடும்போது பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் தாய்மாமன்களின் சொத்துக் கோப்பையும் பாருங்கள். தாய்மாமன் இறந்தபோது யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதிலிருந்து பாட்டியின் கூடப்பிறந்தவர்கள் கிடைப்பார்கள்.

கப்பல் பட்டியலில் எங்கள் ஆள் இல்லவே இல்லை. வேறு எப்படி வந்திருப்பார்?

சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து வந்திருக்கலாம். மொரீஷியஸிலிருந்து வந்திருக்கலாம். ஜோஹன்னஸ்பர்கில் சத்தியாக்கிரகத்தை முன்னின்று நடத்திய தம்பி நாயுடுவே மொரீஷியஸில் பிறந்தவர்தான். ஜோஹன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வால் பகுதிக் குடும்பம் என்றால் டர்பனை விட்டுவிட்டு பிரிட்டோரியாவின் தேசிய ஆவணக் காப்பகத்தைப் பாருங்கள். ஆசியர்கள் எல்லோரும் விரல் ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று அங்கே 1907-இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்துச் சிறை போனவர்களில் தமிழர்கள் மிக அதிகம்.

பழைய பத்திரிகைகளில் என்ன கிடைக்கும்?

1903-இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் ஆரம்பத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. 1961 வரை அது வந்தது. காந்தி பாரம்பரிய இணையதளத்தில் அதன் பக்கங்களைப் படிக்கலாம். சிறை சென்றவர்களின் பெயர்கள், நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். நேட்டால் இந்தியத் தொழிலாளர்களின் 1913 வேலைநிறுத்தத்தில் உங்கள் குடும்பத்தார் இருந்தார்கள் என்று வீட்டில் சொன்னால் அந்த ஆண்டு அக்டோபர் தொடங்கிப் புரட்டுங்கள். பி. எஸ். ஐயர் 1908-இல் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. நம்மவர்களின் அன்றாடச் சங்கதிகளுக்கு அதையும் பார்க்க வேண்டும்.

பிற்கால இறப்புச் செய்தி, பள்ளி விழா, கால்பந்துப் போட்டி, கோயில் கும்பாபிஷேகம் போன்றவற்றுக்கு 'லீடர்', 'கிராஃபிக்' பத்திரிகைகள். பீட்டர்மாரிட்ஸ்பர்கின் மாநகர நூலகம் சட்டப்படி நாட்டில் வெளியாகும் பதிப்புகளைப் பெற்று வைக்கும் நூலகங்களில் ஒன்று. அதனால் பழைய பத்திரிகைக் கட்டுகளை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

ஆளைப் பற்றி இல்லாமல், நாங்கள் வாழ்ந்த இடத்தைப் பற்றித் தேட முடியுமா?

கட்டாயம் முடியும். மேகசின் பராக்ஸ், கேட்டோ மேனர், டின் டவுன், கிளேர்வுட் என்று நம்மவர்கள் வாழ்ந்த எத்தனையோ இடங்கள் இன்று இடிக்கப்பட்டோ உருமாறியோ போயின. இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து வெளியேற்றப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களுக்கு, தங்கள் பழைய தெரு எங்கே இருந்தது என்று காட்ட இன்று பெரும்பாலும் எதுவும் மிச்சமில்லை.

ஆனால் காகிதத்தில் இருக்கிறது. டர்பன் மாநகராட்சியின் பழைய கோப்புகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மேகசின் பராக்ஸ் மாநகராட்சி ஊழியர்களின் குடியிருப்பு என்பதால், அங்கே தண்ணீர்க் குழாய் கேட்டதும், கூரை ஒழுகியதும், கோயிலுக்கு இடம் கேட்டதுமான கடிதங்களை அங்கே தேடலாம். நிலம் வாங்கிய குடும்பம் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் யாரிடம் வாங்கினார்கள், எப்போது பறிபோனது என்று தெரியும். கடை வைத்திருந்தவர்களைப் 'பிராபிஸ்' டைரக்டரியில் ஆண்டு வாரியாகத் தேடலாம். டர்பனில் 1860 பாரம்பரிய மையத்திலும் போட்டோக்களைப் பாருங்கள்.

பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடும் கோயில் கமிட்டியின் கூட்டக் குறிப்பும் எந்தக் காப்பகத்துக்கும் போகாமல் அந்தந்த இடத்திலேயே இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

மனசு கஷ்டப்படும்படி ஏதாவது கிடைத்தால்?

கிடைக்கத்தான் செய்யும். சவுக்கடி, பிடித்தம் செய்த கூலி, ஓடிப்போனதற்குச் சிறை, தற்கொலை விசாரணை எல்லாம் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. ஒரு பெண் கங்காணியின் மேல் கொடுத்த புகாரை விசாரணை அதிகாரி இரண்டே வரியில் தள்ளுபடி செய்திருப்பதைப் படிக்கும்போது கை நடுங்கும். தனியாகப் போய் உட்கார்ந்து படிக்காதீர்கள், வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புகார் கொடுத்தவரை 'குழப்பக்காரி' என்று கோப்பு சொன்னால் அது முதலாளி பக்கத்து வார்த்தை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி எட்டு மைல் நடந்தாவது போய் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் முன்னால் நின்று பேசத் துணிந்திருக்கிறாளே, அதை உங்கள் குறிப்பில் முதலில் எழுதுங்கள்.

வீட்டில் பெரியவர்களிடம் சொல்லும்போது நிதானம் வேண்டும். எண்பது வயது ஆயாவுக்கு, அவர் அப்பாவின் சிறைக் கோப்பைக் கொண்டுபோய் மேசையில் பட்டென்று போட வேண்டாம்.

செலவாகுமா? என்ன கொண்டுபோக வேண்டும்?

காப்பகத்தில் உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை. நகலுக்கு உண்டு. அடையாள அட்டை, பென்சில், நோட்டுப் புத்தகம் போதும், பேனாவை வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். போகும் முன் போன் செய்து திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்துப் பார்த்த ஒவ்வொரு கோப்பின் எண்ணையும், ஒன்றும் கிடைக்காதவை உட்பட, எழுதி வையுங்கள்.

எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தாத்தாவின் நோட்டு முழுக்கத் தமிழில் இருக்கிறது.

முதலில் நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், லை, ணை போன்ற எழுத்துகள் பழைய வடிவத்தில் இருக்கும், தேதிகூடத் தமிழ் மாதத்தில் இருக்கலாம். அதனால் போன் செயலி சரியாகப் படிக்காது. உங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தில் வயதான ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள்.

தேடிக் கண்டுபிடித்ததை என்ன செய்வது?

எந்தத் தகவல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று குறித்து, நகல் எடுத்துக் குடும்பத்தில் குறைந்தது மூன்று வீடுகளில் வையுங்கள். பழைய போட்டோக்களைச் ஸ்கேன் செய்து, அதில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி, காந்தி-லுத்துலி மையம் போன்ற ஓரிடத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் அடையாள எண்ணையும் மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.